டீலரை விட்டு வெளியே சர்வீஸ் செய்தால் பக்கியின் (பிக்கப் வண்டியின்) வாரண்டி போய்விடுமா?

கேள்வி கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாக ஒரு டபுள் கேப் (இரண்டு வரிசை சீட்), ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரமும் இழுக்கிற) பிக்கப் வாங்கியிருக்கிறார். டீலர் சொல்கிற பார்ட்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது, வெளியே கொண்டுபோனால் வாரண்டி போய்விடுமா என்கிறார்.

போகாது. அந்தப் பயத்தில் மூன்று வருடம் தண்டம் கட்டியவன் சொல்கிறேன்.

இங்கே பிக்கப் வண்டியைப் பக்கி என்பார்கள். (ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் "பக்கி வாங்கிட்டேன்" என்றேன், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.) போன வருடம் சானி பாஸ் என்ற கணவாய் ஏறி, பக்கத்து நாடான லெசோத்தோ போய் வந்தோம். 2,800 மீட்டருக்கு மேல் ஏறுகிற கல்லும் குழியுமான மலைப்பாதை, ஃபோர் பை ஃபோர் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். இறங்கி வந்த மறுநாளே முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம். டீலர் பார்த்துவிட்டு, லோயர் கன்ட்ரோல் ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டியின் உடம்போடு இணைக்கிற கை) இரண்டையும் மாற்ற வேண்டும், அலைன்மென்ட்டோடு 14,800 ரேண்ட், தேய்மானம் என்பதால் வாரண்டியில் வராது என்றார். வாரண்டி போய்விடுமே என்று பயந்துதான் இவரிடமே வந்துகொண்டிருந்தேன், வந்தால் வாரண்டியில் வராதாம்!

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மெக்கானிக் அங்கிள் இருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர், இவருக்குத் தமிழில் மிச்சம் இருப்பது வணக்கமும் சில கெட்ட வார்த்தைகளும்தான். வண்டியைத் தூக்கி, கம்பியால் நெம்பிப் பார்த்து, "ஆர்ம் ஃபைன், புஷ் ஃபினிஷ்" என்றார். நான்கு ரப்பர் புஷ் (ஆர்ம் மாட்டுகிற இடத்தில் அதிர்வைத் தாங்குகிற உருளை), பிரஸ்ஸில் ஏற்றுகிற கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 3,300 ரேண்டில் முடிந்தது.

டீலர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். பல கம்பெனிகளின் கேட்டலாக்கில் புஷ் தனியாக இருக்காது, ஆர்மோடு சேர்த்து ஒரே பாகம்தான், அவர் என்ன செய்வார். பேரிங்கும் ஷாக் அப்சார்பரும் வண்டிக் கம்பெனியே செய்வதும் கிடையாது. வேறொருவர் செய்து தருகிறார், அதே ஆள் தன் பெயர் போட்ட டப்பாவிலும் வெளியே விற்பது உண்டு, விலை வேறு. போதாததற்கு ஃபோர் பை ஃபோரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி), முன் டிஃப் (அதை இடது வலது சக்கரங்களுக்குப் பிரிக்கிற டிஃபரென்ஷியல்) எல்லாம் கூடுதல், ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில். சூடான டிஃப்போடு ஆற்றில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, பிரீதர் (காற்று போய்வருகிற குழாய்) சரியில்லாவிட்டால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், அதற்கு டீலர் தேவையில்லை.

சரி, வாரண்டி விஷயம். தென்னாப்பிரிக்காவின் போட்டி ஆணையம் (வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற அரசு அமைப்பு) கொண்டுவந்த வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாரண்டி காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம், அதை மட்டும் காரணம் காட்டி மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. வெளியே செய்த வேலையால் ஏதாவது கெட்டால் அந்தச் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை, அது நியாயம்தானே. அதனால் ஒர்க்‌ஷாப்காரரிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், எந்த ஆயில், எந்த ஃபில்டர் என்று எழுதிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். வண்டி விலையோடு சேர்த்துக் கட்டிய சர்வீஸ் பிளான் இருந்தால் மட்டும் அது தீரும்வரை டீலரிடமே போங்கள், கொடுத்த காசை ஏன் விட வேண்டும்? ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) வந்தாலும் அங்கேதான், இலவசம்.

அப்புறம், டீலரோ அங்கிளோ யாராயிருந்தாலும் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைக் கேட்காமல் அதைத் தாண்டி பில் போட முடியாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த நான்கு புஷ்ஷும் இப்போது என் கராஜ் அலமாரியில் இருக்கின்றன. ரப்பர் கிழிந்து தொங்குகிறது.