எல்லாம் முகப்பிலேயே இருக்க வேண்டுமா?

கேள்வி: நான் ஒளிப்படக் கலை கற்றுத் தருகிறேன். வகுப்புகளுக்காக ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். தானாக மாறும் ஐந்து படங்கள், ஓடும் அறிவிப்பு வரி, மாணவர்களின் பாராட்டுகள், ஒரு காணொளி, செய்திமடலுக்கான பாப்-அப் என்று முகப்புப் பக்கத்தில் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வருபவர்களில் பலர் சில நொடிகளில் வெளியேறிவிடுகிறார்கள். தளம் நெரிசலாக இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். குறைத்தால் பக்கம் வெறிச்சோடி, பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கை தயங்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் சொன்ன ஐந்தையும் வந்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் அவரை இழுக்கின்றன. வகுப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு, தன்னைப் போன்ற புதியவர் சேரலாமா என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு அந்த ஐந்திலும் பதில் இல்லை. சலிப்பு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே நீக்கும் வேலையில் உடனே இறங்காதீர்கள். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் உங்களிடம் கேட்கப்பட்ட கடைசி இருபது கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நான்கைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். முகப்பில் இருக்க வேண்டியவை அவற்றுக்கான பதில்கள்தான். மற்றதெல்லாம் உள்பக்கங்களுக்குப் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிப் பயிற்சித் தளத்தைச் சீரமைத்தேன். அந்தத் தளத்தை முதல்முறையாகப் பார்க்கும் ஒரு பெண்மணியின் அருகில் அமர்ந்து, “வகுப்பு எத்தனை மணிக்கு என்று கண்டுபிடியுங்கள்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நேர அட்டவணை முகப்பிலேயே, ஆரஞ்சு நிறப் பெட்டியில், கொட்டை எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அவருடைய விரல் அதைத் தாண்டிக் கீழே போனது. திரும்பி மேலே வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது. “இங்கே போடவில்லை போலிருக்கிறது” என்றார். நான் பெட்டியைக் காட்டியதும், “ஐயோ, விளம்பரம் என்றல்லவா நினைத்தேன்!” என்றார்.

இதில் அவர் தவறு எதுவும் இல்லை. விளம்பரம் போலத் தோன்றும் எதையும் தாண்டிச் செல்லக் கண் பழகிவிட்டது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-லேயே இதைச் சோதித்து, ‘பேனர் குருட்டுத்தன்மை’ என்று பெயரிட்டார்கள். நிறம் கூட்டியும் மின்ன வைத்தும் ஒன்றை எடுப்பாகக் காட்ட முனையும்போது, அது பார்வையிலிருந்து நழுவிவிடக்கூடும். அன்று நாங்கள் செய்ததெல்லாம் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, வெள்ளைப் பின்னணியில் ‘வகுப்பு நேரம்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி எழுதியதுதான். உங்கள் ஓடும் அறிவிப்பு வரிக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மாறும் படங்கள். அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் 2013-இல் கணக்குப் பார்த்தபோது, முகப்புக்கு வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் இப்படி மாறும் படங்களைச் சொடுக்கியிருந்தார்கள். அந்தச் சொடுக்குகளிலும் 80 சதவீதத்துக்கு மேல் முதல் படத்திலேயே விழுந்திருந்தன. இரண்டாவது படத்திலிருந்து நீங்கள் வைப்பதெல்லாம் ஏறக்குறைய யாருக்கும் தெரியாத இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்குப் பதில் இரண்டே படங்கள் போதும், அசையாமல், பக்கத்தில் பக்கத்தில்: ஒரே மாணவர் முதல் வாரத்தில் எடுத்த படம், கடைசி வாரத்தில் எடுத்த படம். வேறு வார்த்தையே வேண்டாம். வந்தவர் அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார்; அந்த மாணவர் என்ன கற்றுக்கொண்டார் என்று யோசிப்பார்; கீழே படிப்பார். கற்றுத் தருபவருக்கு இதைவிட வலுவான சான்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

படங்களுக்கு மேலே வரும் தலைப்பு வரியிலும் இந்தக் கறார் வேண்டும். ‘வாழ்வின் வண்ணங்களைக் காட்சியாக்குவோம்’ என்பது போன்ற வரிகள் அழகாக ஒலிக்கும்; எதுவும் சொல்லாது. ‘கேமராவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு எட்டு வார ஒளிப்படப் பயிற்சி, வார இறுதியில் மட்டும்’ என்று எழுதிப் பாருங்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு காலம், எப்போது என்ற நான்கும் ஒரே வரியில் வந்துவிட்டன. அதன் கீழே ஒரே ஒரு பட்டன். ‘மேலும் அறிய’ என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல், ‘வகுப்பு நேரமும் கட்டணமும்’ என்று.

பாராட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதைவிட, கட்டணத்துக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை வையுங்கள். தயக்கம் எழும் இடம் அதுதான். காணொளி இருக்கட்டும், ஆனால் தானாக ஓடக் கூடாது.

பாப்-அப் விஷயத்தில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். உள்ளே கால் வைத்தவரை வாசலிலேயே வழிமறித்து முகவரி கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கைபேசியில் உள்ளடக்கத்தை மறைத்து எழும் இத்தகைய பாப்-அப்களைக் கொண்ட பக்கங்களைக் கூகுள் தேடல் வரிசையில் பின்தள்ளக்கூடும் என்ற விதி 2017 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. செய்திமடலுக்கான அழைப்பைக் கட்டுரைகளின் முடிவில் வையுங்கள். கடைசி வரை படித்தவர்தான் உங்களிடமிருந்து கடிதம் பெற விரும்புவார்.

இவ்வளவும் செய்தபின் திரையிலிருந்து நான்கடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பக்கத்தைப் பாருங்கள். எழுத்துகள் மங்கி, வெறும் திட்டுகளாகத் தெரியும். அதிலும் எது முதலில் கண்ணில் படுகிறது, எது இரண்டாவது என்று சொல்ல முடிந்தால் பக்கம் ஒழுங்காகிவிட்டது. எல்லாத் திட்டுகளும் ஒரே கனத்தில் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. பெரும்பாலும் இடைவெளியில்தான் கோளாறு இருக்கும். ஒரு துணைத்தலைப்பு தனக்கு மேலுள்ள பத்தியைவிட, தனக்குக் கீழுள்ள பத்தியோடு நெருங்கி நிற்க வேண்டும். மேலே 40 பிக்சல் இடம் விட்டால் கீழே 12 போதும். பல தளங்களில் இரண்டு பக்கமும் சமமாக விட்டுவிடுகிறார்கள். தலைப்பு யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் நடுவில் தொங்குகிறது. கோடும் பெட்டியும் போட்டுப் பிரிக்க நினைக்கும் பல இடங்களில் இந்த இடைவெளி ஒன்றே போதும்.

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் மேலே புள்ளியும் சுழியும், கீழே இறங்கும் வளைவுகளும் உண்டு. ஆங்கிலத்துக்காக அமைந்த வரி இடைவெளியில் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வரி உயரம் வைப்பது என் வழக்கம். எழுத்து 17 அல்லது 18 பிக்சல். இருபுறமும் சமமாக வரும்படி பத்தியை இழுத்துக் கட்டாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை. கைபேசியின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள் வந்து, நடுவில் பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். வெளிர் சாம்பல் எழுத்து ‘நவீனமாக’ இருக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தளங்களைப் பயன்படுத்த உதவும் உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) வகுத்த அளவு.

வேகத்தைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளிப்படக் கலைஞர்கள் கேமராவிலிருந்து வந்த கோப்பை அப்படியே ஏற்றிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். 6,000 பிக்சல் அகலப் படத்தைக் கைபேசிக்கு அனுப்புவதில் ஒரு பயனும் இல்லை. 1,600 பிக்சலுக்குக் குறைத்து, கோப்பின் அளவைச் சுருக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் வந்துவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்கிறது கூகுள். படத்தின் அகல உயரத்தையும் நிரலில் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லையென்றால், படம் தாமதமாக வந்து எழுத்தைக் கீழே தள்ளும். படித்துக்கொண்டிருந்தவர் தன் வரியைத் தொலைத்துவிடுவார்.

சில நொடிகளில் வெளியேறுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் அனைவரும் ஏமாந்து போனவர்கள் என்று எண்ண வேண்டாம். தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டு போனவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். அந்த எண்ணிக்கையைவிட, எத்தனை பேர் கட்டணப் பக்கம் வரை வந்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பதைப் பாருங்கள். விசாரணைப் படிவத்தில் பெயர், தொடர்பு எண், எந்த வகுப்பு என்ற மூன்று கட்டங்கள் போதும். வயதும் முகவரியும் சேரும்போது கேட்டுக்கொள்ளலாம்.

நீக்குவதற்கு மனம் வராதவற்றை அழித்துவிட வேண்டாம். ‘பரண்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அவற்றை அதில் போட்டு வையுங்கள். இரண்டு மாதம் போகட்டும். ‘அது எங்கே?’ என்று யாராவது கேட்டால் எடுத்து வந்து, கேட்டவர் தேடிய இடத்திலேயே வையுங்கள்.