காட்டாற்று ஸ்டீல்ஹெட் விடுதி: முன்பணம் கட்டும் முன் (கேள்வி-பதில்)

கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ டிரவுட் மீனுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் ஸ்கீனா ஆறும் பாபைன், கிஸ்பியாக்ஸ், பல்க்லி, சஸ்டட் போன்ற அதன் துணையாறுகளும் இந்த மீனுக்காகவே உலகமெங்கும் இருந்து ஆட்களை இழுக்கின்றன. அங்குள்ள விடுதிகளில் ஒரு வாரம் தங்க ஆகும் செலவில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். அந்தப் பணத்தைக் கட்டும் முன் வாசகர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: டொராண்டோவில் நிரந்தர வசிப்புரிமையோடு இருக்கிறேன். பாபைன் ஆற்று விடுதி ஒன்று செப்டம்பர் கடைசி வாரத்துக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறது. "எல்லாம் உட்பட" என்று போட்டிருக்கிறார்கள். நம்பிக் கட்டலாமா?

அந்த இரண்டு சொற்களை நம்பிக் கட்ட வேண்டாம். எதெல்லாம் உட்படாது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பொதுவாக வெளியே நிற்பவை: வான்கூவரிலிருந்து ஸ்மிதர்ஸ் அல்லது டெரஸ் வரையிலான விமானம், அந்த ஊரில் தங்கும் முதல் இரவு, மீன்பிடி உரிமங்கள், ஜிஎஸ்டி வரி, மது, தொலைந்துபோகும் ஃப்ளைகள் (இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை), வழிகாட்டிக்கும் சமையலறை ஆட்களுக்கும் தரும் டிப்ஸ். விடுதிக்கு ஹெலிகாப்டரிலோ ஜெட் படகிலோதான் போக முடியும் என்றால், அந்தச் செலவு யாருடையது என்பதைத் தனியாகக் கேளுங்கள். வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் ஒரு நாள் தாமதமானால் ஊரில் தங்கும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. "7 இரவு" என்றால் 6 முழு நாள் மீன்பிடிப்பாகவும் இருக்கலாம். 5 முழு நாளும் இரண்டு அரை நாளும் ஆகவும் இருக்கலாம். விலையை முழு நாட்களால் வகுத்துப் பார்த்த பிறகுதான் இரண்டு விடுதிகளை ஒப்பிட முடியும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதும் முக்கியம். இரண்டு பேர் என்பதுதான் வழக்கம். மூன்று பேர் என்றால் ஒருவர் எப்போதும் கரையில் காத்திருப்பார். அந்த விலைக்கு அது நியாயம் இல்லை.

விடுதிக்கு அந்த ஆற்றில் வழிகாட்டும் உரிமம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். மாகாணம் 'வகைப்படுத்தப்பட்ட நீர்' என்று அறிவித்த ஆறுகளில் ஒவ்வொரு வழிகாட்டி நிறுவனத்துக்கும் ஆண்டுக்கு இத்தனை ஆள்-நாட்கள் என்று ஒதுக்கீடு உண்டு. முறையாக நடத்துபவர் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

பணத்தைக் கடன் அட்டையில் கட்டுங்கள். நிறுவனம் மூடிவிட்டால் வங்கி வழியாகத் திரும்பக் கேட்க அது ஒரு கதவு. ஒன்டாரியோவில் பதிவு பெற்ற பயண முகவர்களிடம் வாங்குவோருக்கு ஓர் இழப்பீட்டு நிதி இருக்கிறது. விடுதிக்கு நேரடியாக அனுப்பும் பணம் அதற்குள் வராது.

கேள்வி: உரிமத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? என் தம்பி சென்னையிலிருந்து விசிட்டர் விசாவில் வருகிறான். அவனுக்கும் அதேதானா?

அடிப்படை உரிமத்தில் மட்டும் வேறுபாடு. மாகாணத்தில் வசிக்காத கனடியர் ஒரு தொகையும் வெளிநாட்டவர் அதைவிடக் கூடுதலான தொகையும் கட்டுகிறார்கள். அதன்மேல் ஸ்டீல்ஹெட் பாதுகாப்புக் கட்டணம். அதற்கும் மேல் வகைப்படுத்தப்பட்ட நீருக்கான நாள் கட்டணம்: மாகாணத்துக்கு வெளியே இருந்து வருவோருக்கு முதல் வகுப்பு ஆற்றில் நாளுக்கு 40 டாலர், இரண்டாம் வகுப்பில் 20 டாலர் என்று பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. பாபைன் செப்டம்பர், அக்டோபரில் முதல் வகுப்பு. ஆறு நாளுக்கு இது மட்டுமே ஆளுக்கு 240 டாலர். வாங்கும் நாளில் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இருவரும் முதலில் மாகாணத்தின் இணையச் சேவையில் மீன்-வனவிலங்கு அடையாள எண் எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் மற்ற உரிமங்கள். வகைப்படுத்தப்பட்ட நீர் உரிமம் ஆற்றின் பெயரும் தேதியும் குறித்தே தரப்படும். தேதியைத் தவறாகப் போட்டால் ஆற்றில் நிற்கும்போது அது செல்லாத காகிதம். உரிம ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

விடுதி வாரம் முடிந்து நீங்களாகவே ஓரிரு நாள் பிடிக்கத் திட்டம் இருந்தால் கவனம். ஸ்கீனா தொகுதியின் சில ஆறுகளில் சனி, ஞாயிறு அன்று வழிகாட்டி இல்லாத வெளிநாட்டவருக்கு அனுமதி கிடையாது. உங்களுக்குத் தடை இருக்காது, தம்பிக்கு இருக்கும்.

கேள்வி: நாங்கள் போகும் வாரம் மழை பெய்து ஆறு கலங்கிவிட்டால், அல்லது அரசாங்கமே ஆற்றை மூடிவிட்டால் பணம் திரும்புமா?

கலங்கலுக்குத் திரும்பாது. எந்த விடுதியும் தண்ணீரின் நிறத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. அதனால் பணம் கட்டும் முன்பே ஆற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான காப்பீடு.

பாபைன் ஏரியிலிருந்து புறப்படுவதால் மழைக்குப் பிறகும் மேல்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். கீழே நில்கிட்க்வா, நிச்செஸ்க்வா ஆகியவை வந்து சேரும் இடத்திலிருந்துதான் சேறு கலக்கும். கிஸ்பியாக்ஸ் அப்படி இல்லை. கனமழை பெய்தால் சீக்கிரம் பழுப்பாகும், தெளியச் சில நாள் ஆகும். ஆகவே விடுதியிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ஆறு கலங்கினால் எங்களை எங்கே கொண்டுபோவீர்கள்?" ஏரிக்கு அருகில் உள்ள மேல்பகுதி, தெளிந்த சிற்றாறு சேரும் இடம் என்று ஒரு மாற்று இடத்தைப் பெயர் சொல்லிச் சொன்னால் சரி. "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் மாற்று இல்லை என்று பொருள். கனடிய அரசின் நீரளவை நிலையங்கள் பல்க்லி, பாபைன், கிஸ்பியாக்ஸ் ஆறுகளின் நீர்மட்டத்தை இணையத்தில் உடனுக்குடன் காட்டுகின்றன. நீங்கள் போக நினைக்கும் வாரத்தில் கடந்த ஆண்டுகளில் மட்டம் எப்படி ஏறி இறங்கியது என்று அதில் பார்க்கலாம்.

ஆறு மூடப்படுவது வேறு விஷயம், அது நடந்தும் இருக்கிறது. ஸ்கீனா முகத்துவாரத்துக்கு அருகே டையி என்ற இடத்தில் 1956 முதல் சோதனை வலை போட்டு மீன் வரவைக் கணிக்கிறார்கள். 2021இல் அந்தக் குறியீடு அதுவரை இல்லாத அளவு விழுந்தது. அந்த அக்டோபரில் ஸ்கீனா தொகுதியில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதே நிறுத்தப்பட்டது. ஒப்பந்தத்தில் "அரசு மூடல்" என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும், அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவோம், எதுவும் கிடையாது: இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவதைக் குறைந்தபட்சமாக வைத்துப் பேசுங்கள். அதையும் எழுதித் தர மறுக்கும் விடுதிக்கு முன்பணம் கட்டாமல் இருப்பதே நல்லது. டையி எண்கள் கோடையில் தொடர்ந்து வெளியாகின்றன. மீதித் தொகை கட்டும் நாள் ஆகஸ்ட் கடைசியில் வரும்படி கேட்டு வாங்க முடிந்தால், அந்த ஆண்டின் வரவைப் பார்த்த பிறகு பணம் அனுப்பலாம்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் கலங்கலும் மூடலும் பொதுவாக இழப்பீட்டுக் காரணங்களாக இருக்காது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற வகைக் காப்பீடு உண்டு. அதை முன்பணம் கட்டிய சில நாட்களுக்குள் வாங்கியாக வேண்டும், தொகையில் ஒரு பகுதியே திரும்பும். விட்டுவிடக் கூடாதது மருத்துவ மீட்பு. வழுக்குப் பாறையில் கால் முறிந்தால் ஹெலிகாப்டர்தான் வழி. ஒன்டாரியோ சுகாதாரக் காப்பீடு வேறு மாகாணத்தில் அந்தச் செலவை ஏற்காது. தம்பிக்கும் தனியாக எடுங்கள்.

கேள்வி: என்னிடம் 9 அடி, 5 எண் ராடு (தூண்டில் கோல்) இருக்கிறது. அதுவே போதுமா? புதிதாக என்ன வாங்க வேண்டும்?

போதாது. எண் கூடக் கூட ராடு வலுவானது. 10 பவுண்டு மீனை வேகநீரில் 5 எண் ராடால் இழுத்தால் நேரம் நீளும். களைத்துப்போன மீனை விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம்.

ஒரே ஒரு ராடு வாங்குவதானால் 12½ முதல் 13½ அடி வரையிலான, இரு கையால் வீசும் ஸ்பே ராடு, 7 எண். முதுகுக்குப் பின்னால் மரங்கள் நெருங்கிய கரைகளில் பின்வீச்சுக்கு இடம் இருக்காது, அதற்குத்தான் இது. அதற்குப் பொருந்துவது சுமார் 510 முதல் 550 கிரெய்ன் (லைனின் எடையைச் சொல்லும் அளவு) எடையுள்ள ஸ்காஜிட் ஹெட், அதாவது லைனின் கனமான முன்பகுதி. ராடின் பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எண்ணோடு சரிபாருங்கள். கடைகளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான்: ஒற்றைக் கை ராடுக்கான 7 எண் லைனும் ஸ்பே 7 எண் லைனும் ஒன்றல்ல. முன்னதை மாட்டினால் ராடு வளையவே வளையாது.

ஹெட்டுக்கு முன்னால் மாட்ட 10 அடி மூழ்கும் முனைகள்: டி-8, டி-11, டி-14 மூன்றும். 'டி'க்குப் பின் வரும் எண் ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் எடை என்பது. தொடங்க டி-11, ஆழமோ வேகமோ கூடினால் டி-14. கொக்கி அடிக்கடி கல்லில் சிக்கினால் ஒரு படி இறங்குங்கள். லீடர் (முனைக்கும் ஃப்ளைக்கும் இடையிலான மெல்லிய நரம்பு) 3 முதல் 4 அடி, 12 முதல் 15 பவுண்டு நேர் நைலான் போதும். நீளமான லீடர் போட்டால் முனை மூழ்கினாலும் ஃப்ளை மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ரீலில் லைனுக்கு அடியில் சுற்றும் 30 பவுண்டு பேக்கிங் 150 கஜமாவது இருக்கட்டும். டிராக் (ரீலின் பிரேக்) தடங்கலின்றித் தொடங்க வேண்டும், முதல் இழுப்பில் அது திக்கினால் லீடர் அறுந்துவிடும்.

பல விடுதிகள் ராடு வாடகைக்கோ இலவசமாகவோ தருகின்றன. முதல்முறை போவோர் அதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் ஊரில் ஒரு நாள் ஸ்பே வீச்சுப் பாடம் எடுப்பதே எங்கள் பரிந்துரை. காற்று ஆற்றோட்டத்தின் திசையில் அடித்தால் டபுள் ஸ்பே, எதிர்த்திசையில் அடித்தால் ஸ்னாப்-டி என்று இரண்டு வீச்சுகளாவது கைவசம் வேண்டும். தவறான பக்கத்தில் வீசினால் கொக்கி முகத்தை நோக்கித்தான் வரும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ஆற்றில் இறங்க வேண்டாம்.

கேள்வி: மீன் கவ்விய பிறகு தப்பிவிடுகிறது. கொக்கி சரியில்லையா?

பெரும்பாலும் கை சரியில்லை. ஃப்ளை குறுக்கே நீந்திவரும்போது இழுப்பு உணர்ந்ததும் ராடை மேலே தூக்கினால், மீன் திரும்புவதற்கு முன்பே அதன் வாயிலிருந்து கொக்கியைப் பிடுங்கிவிடுகிறீர்கள். ரீலிலிருந்து லைன் ஓடத் தொடங்கும் வரை ஒன்றும் செய்யாதீர்கள். பிறகு ராடைத் தாழ்வாகக் கரைப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

கொக்கியும் ஒரு காரணமாகலாம். பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான் சட்டம். இன்ட்ரூடர் போன்ற பெரிய ஃப்ளைகளின் வால்பக்கம் தொங்கும் 2 அல்லது 4 எண் குட்டைக் கொக்கி கல்லில் உரசி மழுங்கும். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வேடர்ஸ் (ஆற்றில் நிற்க உடுத்தும் நீர்புகா உடை) விலை அதிர வைக்கிறது. மலிவானது வாங்கினால் என்ன ஆகும்?

தையல் ஓரத்தில் ஒழுகும், அதுவும் கவட்டையில். 6 டிகிரி தண்ணீரில் நனைந்த கால் அந்த நாளையே முடித்துவிடும். ராடில் மிச்சம் பிடித்து வேடர்ஸில் செலவழியுங்கள். வாங்கியதும் ஊரிலேயே ஒருமுறை ஆற்றில் நின்று சோதியுங்கள். சிறு துளையைக் கண்டுபிடிக்க, சுவாசிக்கும் வகை வேடர்ஸை உள்புறம் வெளியாகத் திருப்பி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்தால் துளை இருக்கும் இடம் கருமையாகத் தெரியும். அங்கே பசை பூசி உலரவிடுங்கள்.

பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். தடித்த கம்பளிக் காலுறையோடு இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, எத்தனை காலுறை போட்டாலும் கால் சில்லிடும். உள்ளாடை கம்பளி அல்லது செயற்கை இழை, பருத்தி வேண்டாம். ஆணி பதித்த பூட்ஸை விடுதியின் படகில் அனுமதிப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இடுப்புப் பட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது.

கேள்வி: பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதாம். படமாவது எடுக்கலாமா?

எடுக்கலாம், மீன் தண்ணீரில் இருக்கும்படி. செப்டம்பரில் நீங்கள் பிடிக்கும் மீன் அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடும். அதுவரை குளிர்காலம் முழுவதையும் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பை நம்பியே கழிக்கிறது. பசிபிக் சால்மன் போல முட்டையிட்டதும் எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. சில மீன்கள் கடலுக்குப் போய் மறுபடி வரும். ஆகவே ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றது.

முடிச்சில்லாத ரப்பர் வலை, நனைத்த கைகள், வால்மூட்டில் ஒரு கை, மார்புக்கு அடியில் மறு கை. கல்லின்மேல் இழுத்துப் போடுவது அறவே கூடாது. படமெடுப்பவர் தயாரான பிறகுதான் மீனைச் சற்றே உயர்த்தலாம், சொட்டும் நீர் நிற்பதற்குள் இறக்கிவிட வேண்டும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் உயர்த்தவே வேண்டாம், செவுள்கள் உறையும். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக உதறிப் போகும் வரை தாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டி மீனைத் தூக்கிப் பிடித்துப் பழகியவராக இருந்தால், வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். பணம் கொடுப்பவர் நீங்கள்.