கேளுங்கள் அக்கா: டிப்ளோமா கெடு நெருங்குகிறது, என்ன செய்வது?

இந்தத் தடவை சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கவலைதான்: வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக முதுநிலை டிப்ளோமா படிக்கிறோம், பல்கலைக்கழகம் கொடுத்த காலத்துக்குள் முடிக்க முடியுமா, முடியாவிட்டால் என்ன ஆகும்? பெயர்களை எடுத்துவிட்டேன், கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, வணக்கம். தமிழ்ப்பள்ளியில் ஒப்பந்த ஆசிரியையாக இருக்கிறேன். கல்வியியலில் முதுநிலை டிப்ளோமா படிக்கிறேன். போன செமஸ்டர் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பாடப் பதிவு செய்யவில்லை. ஒரு செமஸ்டர் ஓய்வு எடுத்ததாக நினைத்துக்கொண்டேன். இப்போது மாணவர் இணையப் பக்கத்துக்குள் நுழையவே முடியவில்லை. இரண்டு பாடமும் பிராக்டிகமும் (பள்ளியில் செய்யும் கற்பித்தல் பயிற்சி) பாக்கி. அடுத்த வருடத்தோடு கெடு முடிகிறது. எல்லாம் போய்விட்டதா?
ஆசிரியை, சுங்கை சிப்புட்

போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள் தங்கச்சி. ஆனால் இந்த வாரமே இறங்கி வேலை பார்க்க வேண்டும்.

பதிவு செய்யாமல் விடுவது வேறு, படிப்பை ஒத்திவைப்பது வேறு. ஒத்திவைப்பு என்றால் நீங்கள் பாரம் பூர்த்தி செய்து, காரணத்துக்கு அத்தாட்சி வைத்து, செமஸ்டரில் அவர்கள் சொல்லியிருக்கும் வாரத்துக்குள் அனுப்பி, சரி என்று பதில் கடிதமும் வாங்கியிருக்க வேண்டும். அது எதுவும் இல்லாமல் பதிவும் இல்லையென்றால் நீங்கள் படிப்பைக் கைவிட்டுவிட்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு செமஸ்டர் அப்படிப் போனாலே மாணவர் தகுதி நின்றுவிடும். உங்கள் பக்கம் திறக்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது, நீங்கள் எழுதிச் சொன்னால்தான் தெரியும்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகக் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள். கஷ்டம் வந்தால் நம் பிள்ளைகள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். ஃபோன் எடுப்பதில்லை, ஈமெயிலுக்குப் பதில் போடுவதில்லை, முகத்தைக் காட்ட வெட்கம். ஒரு பாரம் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய படிப்பு, மௌனத்தால் கைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும், நீங்கள் எழுதிக் கேட்டால்தான் அதை நிறுத்தவோ நீட்டவோ முடியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் சேர்ந்த வருடத்துக்கான விதிமுறைக் கையேட்டை எடுங்கள். இந்த வருடக் கையேடு வேண்டாம், பெரும்பாலும் சேர்ந்த வருட விதிதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதில் அதிகபட்சக் காலம் எத்தனை செமஸ்டர் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், ஒத்திவைத்த செமஸ்டர் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்பது. பல இடங்களில் மாணவரின் சொந்த உடல்நலக் காரணத்துக்காக ஒத்திவைத்தால் அது கணக்கில் வராது, மற்ற காரணமென்றால் வரும். அப்பாவின் நோயை எந்த வகையில் வைப்பார்கள் என்பது அந்த விதியின் வாசகத்தைப் பொறுத்தது. படித்துப் பார்த்து, அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். டீனுக்கு எழுதி, உங்கள் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர் மூலமாக அனுப்புங்கள். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் அழுது பயனில்லை, அவளால் முடிவெடுக்க முடியாது. அதிகபட்சக் காலத்தைத் தாண்டுகிற விஷயமெல்லாம் பல்கலைக்கழகத்தின் உயர் கல்விக் குழுவான செனட்டுக்கோ அதன் பட்டமேற்படிப்புக் குழுவுக்கோதான் போகும். அவர்கள் உங்களைப் பார்க்கப்போவதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, ஏன் பதிவு செய்ய முடியவில்லை, ஆஸ்பத்திரி அனுமதிக் கடிதம், நீங்கள்தான் பராமரித்தீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம், இவை ஒரு பாதி. இன்னொரு பாதியைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்: மீண்டும் சேர்த்துக்கொண்டால் எந்த செமஸ்டரில் எந்தப் பாடம், பிராக்டிகம் எப்போது, கடைசிப் பாடம் எந்த மாதம் முடியும் என்று ஒரு திட்டம். கஷ்டத்தை மட்டும் சொல்லும் கடிதத்தைப் படித்தால் இரக்கம் வரும், ஆனால் குழு அதை வைத்து எதை அனுமதிப்பது?

பிராக்டிகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பள்ளி நடக்கும் நாட்களில்தான் நடக்கும், விடுமுறையில் ஈடுகட்ட முடியாது. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது, அதனால் மார்ச்சில் தொடங்கிய வருடங்களில் படித்த சீனியர்கள் சொல்கிற மாதக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பள்ளி காலண்டரையும் பல்கலைக்கழகக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நான் பார்த்தவரை பாடங்களை முடித்துவிட்டு பிராக்டிகத்துக்கு இடமும் நேரமும் கிடைக்காமல் கெடுவைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி வேலை. நிர்வாகத்தில் முதுநிலை டிப்ளோமா சேரப் போகிறேன். 30 கிரெடிட் என்கிறார்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று நிதானமாகப் போகலாமா?
கிராணி, லிந்தாங் பக்கம்

போகக்கூடாது தம்பி. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நம் மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மெண்ட், பரீட்சைக்குத் தயார் செய்வது எல்லாம் அதற்குள் அடக்கம். 30 கிரெடிட்டுக்கு 1,200 மணி நேரம் ஆகிறது. வாரத்துக்கு 10 மணி நேரம் ஒதுக்கினால் 120 வாரம், அதாவது இரண்டேகால் வருடத்துக்கு மேல், அதுவும் ஒரு வாரம்கூட விடாமல் உட்கார்ந்தால். 15 மணி நேரமென்றால் 80 வாரம்.

மூன்று கிரெடிட் பாடங்களாக வைத்துக்கொண்டால் மொத்தம் பத்துப் பாடம். செமஸ்டருக்கு ஒன்று, வருடத்துக்கு இரண்டு செமஸ்டர் என்றால் ஐந்து வருடம். உங்கள் பல்கலைக்கழகம் பகுதி நேரத்துக்கு எத்தனை வருடம் கொடுக்கிறது என்று பாருங்கள், எல்லா இடத்திலும் ஐந்து வருடம் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டால் மறுபடி எடுக்க இடமே இருக்காது. இந்த மட்டத்தில் தேர்ச்சிக்கு மொத்த சராசரி 4.00க்கு 3.00 கேட்பதுதான் பரவலான வழக்கம், அதனால் எல்லாப் பாடத்திலும் பாஸ் என்றாலும் சராசரி குறைந்தால் சிலவற்றை மறுபடி எடுக்க வேண்டிவரும். இரண்டு இரண்டாக எடுத்து, கடைசியில் ஒரு செமஸ்டரை வெறுமையாக மிச்சம் வைத்திருங்கள்.

அப்புறம் மாதக் கடைசியில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) முடிக்கும் நாட்களில் படிப்பு ஓடாது என்பது உங்களுக்கே தெரியும். அசைன்மெண்ட் தேதிகள் வந்தவுடன் எதெல்லாம் மாதக் கடைசியில் விழுகிறது என்று பார்த்து, அவற்றை முந்தைய வாரமே முடிக்கத் திட்டமிடுங்கள். இரண்டு பாடம் தாங்காது என்று தெரிந்தால் பாடத்திலிருந்து விலகக் கொடுத்திருக்கும் தேதிக்குள் ஒன்றை விலக்கிக்கொள்ளுங்கள். முறையாக விலகிய பாடம் சராசரியைத் தொடாது. வகுப்புக்குப் போகாமல் விட்ட பாடம் தோல்வியாக ஏறி சராசரியை இழுக்கும்.

அக்கா, நான் கர்ப்பமாக இருக்கிறேன். ஒரு தனியார் கம்பெனியில் வேலை. பிரசவ விடுமுறைக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. டிப்ளோமா படிப்புக்கும் அந்த விடுமுறை செல்லும்தானே?
வாசகி, சுங்கை சிப்புட்

செல்லாது அம்மா. வாழ்த்துகள் முதலில்.

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுமுறை 98 நாள். வாரக் கணக்கில் அது 14 வாரம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு நீண்ட செமஸ்டரின் வகுப்புக் காலமும் பெரும்பாலும் 14 வாரம்தான், ஆக உங்கள் பிரசவம் ஏறக்குறைய ஒரு முழு செமஸ்டரை எடுத்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த கடிதம் பல்கலைக்கழகத்தை ஒன்றும் கட்டுப்படுத்தாது. கிளினிக் கொடுத்த பிரசவத் தேதியோடு ஒத்திவைப்பு பாரத்தைத் தனியாகப் போட வேண்டும், செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். பிரசவத்தை உடல்நலக் காரணமாகப் பதிவு செய்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள், அப்படியென்றால் அந்த செமஸ்டர் அதிகபட்சக் காலத்தில் சேராமல் போக வாய்ப்பு அதிகம். வீட்டில் யாராவது “குழந்தை பிறந்த பிறகு படிப்பெல்லாம் எதற்கு” என்று தொடங்கினால், ஒத்திவைப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டி, திரும்பிப் போகும் தேதியைச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலைக் கல்வியாக முதுநிலை டிப்ளோமா. 120 கிரெடிட் என்று போட்டிருக்கிறார்கள். இங்கே 30தானே? நான்கு மடங்கு வேலையா?
தொழிற்சாலை ஊழியர், கோலகங்சார்

இல்லை. அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம், இங்கே 40. அங்கே 120ஐப் பத்தால் பெருக்குங்கள், இங்கே 30ஐ நாற்பதால் பெருக்குங்கள், இரண்டும் அதே 1,200 மணி நேரம். எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல வாய்ப்பை விட்டுவிடாதீர்கள், சின்ன எண்ணைப் பார்த்து சுலபம் என்றும் நினைத்துவிடாதீர்கள்.

நேரத்தோடு முடிக்க முடியாமல் போனால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் 60 கிரெடிட்டில் முதுநிலைச் சான்றிதழ் என்று ஒரு தகுதி உண்டு, பல பாடத்திட்டங்களில் பாதியில் நிற்பவர்களுக்கு அதைக் கொடுத்து அனுப்புவார்கள். இங்கேயும் 20 கிரெடிட்டில் முதுநிலைச் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் உங்கள் பாடத்திட்டத்தின் விதியிலேயே அப்படி வெளியேறும் வழி எழுதியிருந்தால்தான் கேட்க முடியும். சேருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள், பிறகு வேறு இடத்தில் கிரெடிட் மாற்றம் கேட்க அது தேவைப்படும்.

கட்டணம் கட்டப் பணம் இல்லாமல் பதிவு தள்ளிப்போகிறது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா?
வாசகர், சுங்கை சிப்புட்

எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்க வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் தயாராக இருக்கட்டும், பதிவுக்குக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். பாக்கி இருந்தால் பதிவையோ பரீட்சை முடிவையோ நிறுத்தி வைக்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய, ஒரு சில நூறு வெள்ளிக்காக ஒரு செமஸ்டர் கெடுவில் கரைந்துபோகும். பணம் வரத் தாமதமானால் கட்டண அலுவலகத்திடம் தவணை கேளுங்கள். ஆனால் ஒன்று, அது உங்கள் ஓய்வுக்காலப் பணம், வேறு வழி எதுவும் இல்லையென்றால் மட்டும் கை வையுங்கள்.

ப்ராஜெக்ட் பேப்பர் மட்டும்தான் பாக்கி. மேற்பார்வையாளர் இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. தொந்தரவு செய்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். கெடு வருகிறது.
வாசகி, சுங்கை சிப்புட்

கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் அம்மா, கெடு தாண்டினால் பாதிக்கப்படுவது நீங்கள்தான். ஆசிரியரிடம் மரியாதை வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் மரியாதையாகவே நினைவூட்டலாம்.

வாட்ஸ்அப்பில் “வணக்கம் டாக்டர்” என்று அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், பிறகு அதை ஆதாரமாகக் காட்டுவது கஷ்டம். பல்கலைக்கழக ஈமெயிலில் எழுதுங்கள்: இன்ன தேதியில் இந்த அத்தியாயத்தை அனுப்பினேன், திருத்தம் எப்போது கிடைக்கும், என் கெடு இன்ன தேதி. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே ஈமெயிலை ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் போட்டு மறுபடி அனுப்புங்கள். அதற்கும் அசைவு இல்லையென்றால் மேற்பார்வையாளரை மாற்றித் தரும்படி பாரம் கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் அதற்கு வழி இருக்கிறது. நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஈமெயில்களையே இணைப்பாக வையுங்கள். தாமதம் உங்களால் வரவில்லை என்று காட்ட அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அதுவரை காத்திருக்காமல் அடுத்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டே இருங்கள்.