ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டால் இணைய வேகம் ஏன் இன்னும் குறைகிறது?

செம்புக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைப்பு என்றால், காரணம் அந்த அணைப்பாகவே இருக்கலாம். மறுமுனையில், அதாவது இணைய நிறுவனத்தின் பக்கத்தில், ஒரு தானியங்கி மென்பொருள் உங்கள் லைனைக் கவனித்தபடியே இருக்கும்: எத்தனை பிழைகள், எத்தனை முறை இணைப்பு அறுந்தது என்று. நீங்கள் அணைத்ததா, லைன் கோளாறா என்று சில சமயம் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. லைன் சரியில்லை என்று முடிவுகட்டி, மின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்காமலிருக்க விடும் இடைவெளியை 6 டெசிபலிலிருந்து 9 ஆக்கிவிடும், வேகம் இறங்கும். சில சமயம் தரவைக் கலைத்துப் போட்டு அனுப்பும். பிழை குறையும், ஆனால் பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) சில மில்லிவினாடி கூடும். ஆன்லைனில் விளையாடுகிறவர்களுக்குத்தான் எரிச்சல்.

சரி, என்ன செய்வது? பழுதான ஃபில்டர் (ஃபோன் சிக்னலையும் இணைய சிக்னலையும் பிரிக்கும் சிறு கருவி), தளர்ந்த வயர் இருந்தால் முதலில் மாற்றுங்கள். அப்புறம் சில நாள் ரவுட்டரைத் தொடாதீர்கள். வேகத்தைக் குறைக்க அவசரப்படும் இந்த மென்பொருள், ஏற்றும்போது மட்டும் நிதானமாகத்தான் யோசிக்கும்.