மலையிறங்கியதும் கொசுக்கடி வீக்கம்

கேள்வி: டாக்டர், நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். மூன்றரை வயது மகளோடு மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். நேற்று சாயங்காலம் கொசு கடித்தது. காலையில் பார்த்தால் ஒரு கண் இமை வீங்கி மூடிக்கிடக்கிறது, முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து சூடாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறாள். கூடவே படுத்திருந்த அண்ணன் மகனுக்கு (9 வயது) ஒன்றுமே இல்லை. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கடித்த சில மணி நேரத்தில் இப்படி வீங்கி, அரித்து, காய்ச்சலும் இல்லாமல் குழந்தை ஓடியாடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமைதான். கிருமித் தொற்று என்றால் சொறிந்த புண்ணில் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வலியும் சீழும் தொடங்கும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைக் குழந்தைக்குக் கொடுப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

வீக்கத்துக்குக் காரணம் கொசுவின் எச்சில். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். அதன் வாய் ஊசியில் ரத்தம் ஏற ஒரு பாதை, எச்சில் இறங்கத் தனிப் பாதை. தோலில் ஊசி முனை இறங்கினாலே நம் ரத்தக்குழாய் சுருங்கும், தட்டணுக்கள் வந்து ஓட்டையை அடைக்கும். இதையெல்லாம் முறியடிக்கும் புரதங்கள் எச்சிலில் இருக்கின்றன. காயம்பட்ட செல்களிலிருந்து கசியும் ஏடிபி (ADP) என்ற பொருள்தான் தட்டணுக்களைத் திரட்டுவது. அபிரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். டி7 வகைப் புரதங்கள், காயம்பட்டதும் நம் உடம்பு எதிர்ப்பாகச் சுரக்கும் ஹிஸ்டமின், செரடோனின் போன்றவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவிடம் குழாயை விரிக்கும் சயலோகைனின் உண்டு. மலேரியா பரப்பும் அனாபிலிஸிடம் ரத்தத்தை உறையவிடாத அனாபிலின் உண்டு. எச்சில் நாளத்தை அறுத்துவிட்டுச் சோதித்திருக்கிறார்கள்; அந்தக் கொசுக்களும் ரத்தம் குடித்தன, ஆனால் குழாயைத் தேடிக் குத்திக்கொண்டே இருக்கும் நேரம் கூடிவிட்டது. கொசுவுக்கு அது உயிராபத்து, அதற்குள் நம் கை விழுந்துவிடும்.

இந்தப் புரதங்களை அந்நியம் என்று நம் உடம்பு கண்டுகொள்வதால்தான் அரிப்பும் தடிப்பும். முதல்முதல் கடிக்கு ஒன்றுமே தெரியாது. சில கடிகளுக்குப் பிறகு மறுநாள் தடிக்கும். அப்புறம் கடித்த உடனேயும் தடிக்கும். வருடக்கணக்கில் கடி வாங்கிய உடம்பு மெல்ல மெல்லப் பழகி அடங்கிவிடும். உங்கள் அண்ணன் மகனையும் கொசு கடித்திருக்கும், அவன் உடம்பு பழகிவிட்டது. 6,000 அடி உயரத்துக் குளிரில் வளரும் உங்கள் மகளுக்கு இப்போதுதான் ஆரம்பம்.

துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வையுங்கள். கைக்குக் காலமைன் தடவலாம், கண் பக்கம் வேண்டாம். ஒவ்வாமையை அடக்கும் செட்ரிசின் மருந்தை எடைக்கேற்ற அளவில் அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நம் மலைக்காரர்கள் எதற்கும் யூகலிப்டஸ் தைலத்தை எடுப்போம், இதற்குக் கூடாது. சிவந்த தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம், அதனால் பாட்டிலைக் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

முழங்கைச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துவிடுங்கள். நாளை மறுநாளும் கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைக்க வலிக்கிறது என்று சொன்னாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தால், உதடு வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வீக்கம் டெங்குவின் அடையாளம் இல்லை. ஆனாலும் ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், கீழே போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை இறங்கும்போது முழுக்கைச் சட்டையும் கொசுவலையும் எடுத்துப்போங்கள். முன்கூட்டியே செட்ரிசின் கொடுத்தால் சிலருக்கு வீக்கம் குறைகிறது. கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.