ஒரு வார விடுமுறையை எங்கும் போகாமல் படித்தும் பார்த்தும் கேட்டும் கழித்தால் அது வீண்தானா?

வீண் இல்லை. நீங்கள் இப்படிக் கேட்பதிலிருந்தே தெரிகிறது: யாரோ "விடுமுறைக்கு எங்கே?" என்று கேட்க, "வீட்டில்தான்" என்று சொல்லிவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்கிறீர்கள். என் மேலதிகாரி "உடம்பு சரியில்லையா?" என்றே கேட்டார்.

சென்ற ஆண்டு எனக்கு ஏழு நாள் கிடைத்தது. முதல் நாளே பட்டியல் போட்டேன். தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' முழுவதும், தினம் இரண்டு படம், மீதி நேரம் இசை. அந்த நாவலில் 361 அத்தியாயங்கள். ஏழால் வகுத்தால் நாளுக்கு ஐம்பதுக்கும் மேல். வகுத்தல் கணக்கு போட்டபோதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு, ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1953-இல் வந்த படம். கேமரா தரையையொட்டித் தாழ்வாக, பெரும்பாலும் அசையாமல் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான தம்பதி; அவர்களோடு உட்காரப் பிள்ளைகளுக்கு நேரமில்லை. அந்தப் படத்தைத்தான் நான் நேரமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்! அணைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் முதலிலிருந்து அதன் வேகத்திலேயே பார்த்தேன். நடுவில் இருபது நிமிடம் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

அதன்பின் பட்டியலைத் தொடவில்லை. மிச்ச நாட்களில் நான் கேட்டது மேற்கத்திய இசைமேதை பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' மட்டும். பியானோ கலைஞர் கிளென் கூல்ட் அதை 1955-இல் ஒரு முறையும் 1981-இல் மறுபடியும் வாசித்துப் பதிவு செய்தார். முதல் பதிவின்போது அவருக்கு 22 வயது. தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற மெட்டு அதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிந்தைய பதிவில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அதே ஆள், அதே சுரங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கேட்டதில், ஐந்தாம் நாள்தான் அவர் வாசிக்கும்போதே முனகுவது என் காதில் விழுந்தது. அதுவரை ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். எனக்கு மேற்கத்திய இசை இலக்கணம் தெரியாது. எந்தப் பதிவு உயர்ந்தது என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது இரண்டாவது, அவ்வளவுதான்.

ஊர் சுற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லாதவன் சொல்லும் சமாதானம் என்று எழுத வருகிறவர்களுக்கு: காசு இருந்தது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் யோசனை ஒன்றுதான்: பத்தை எடுத்து வைக்காதீர்கள், ஒன்றை இரண்டு முறை எடுங்கள்.

நாவல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். முதல் பாகத்தோடு நின்றது. அதற்குக் காரணம் என் சோம்பல் இல்லை. இரண்டாம் பாகத்தை ஒருவர் "வாரக் கடைசியில் தந்துவிடுகிறேன்" என்று வாங்கிப் போய் மூன்று ஆண்டு ஆகிறது. கடன் வாங்கிய பணத்துக்குக் கூச்சப்படுகிறவர்கள்கூடப் புத்தகத்துக்குக் கூச்சப்படுவதில்லை. நேரில் பார்த்தால் சிரிக்கிறார், நலம் விசாரிக்கிறார், புத்தகப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. இந்தத் தளத்தில் அவரும் இருக்கிறார். ஐயா, படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். ஓரங்களில் பென்சிலால் எழுதியிருப்பது என் கையெழுத்து.