கைப்பையில் அடங்கும் பைனாகுலர்: எதை வாங்கலாம்?

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் மெக்ரிட்சியிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் நடக்கும்போது பறவை பார்க்கச் சின்ன பைனாகுலர் ஒன்று வேண்டும். 200 வெள்ளிதான் ஒதுக்கியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி அணிபவள். கடைக்காரர் 10×25 எடுக்கச் சொல்கிறார். இணையத்தில் 30×60 என்று போட்டு 40 வெள்ளிக்கே விற்கிறார்கள். எதை வாங்குவது? – ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. 8×30 அல்லது 8×32 பாருங்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 10×25-இல் அது 2.5 மி.மீ., 8×30-இல் 3.75 மி.மீ. சின்ன வித்தியாசமாகத்தான் படும். பரப்பளவில் கணக்குப் போட்டால் இரண்டேகால் மடங்கு. மெக்ரிட்சியில் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடிகாலையில் அடர்ந்த மரங்களுக்கு அடியில் இருட்டு முழுசாக விலகியிருக்காது. வெளிச்சம் போதாவிட்டால் தேன்சிட்டின் சிவப்பே கறுப்பாகத் தெரியும். நிறம் தெரியாமல் பறவையை எப்படி இனம் காண்பது? அதோடு, பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்காகும். பார்வைப் பரப்பு குறுகிவிடுவதால், கிளைக்குக் கிளை தாவும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

பாசிர் ரிஸ்ஸில் இருவாச்சி பார்க்க எட்டு மடங்கு தாராளம். செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு வலசை வரும் உள்ளான்கள் தூரத்துச் சேற்றில் நின்றால் பத்தும் போதாது. அதற்கு முக்காலியில் வைக்கும் ஸ்கோப் வேண்டும்.

அந்த 30×60-ஐ அளவுகோலால் அளந்து பாருங்கள். 60 மி.மீ. கண்ணாடிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்குகிறது என்றால், அச்சிட்டிருக்கும் எண் பொய்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ‘ஐ ரிலீஃப்’ பற்றி. பின்கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரம் வரை கண்ணைத் தள்ளி வைத்து முழுக் காட்சியையும் பார்க்கலாம் என்பதன் அளவு அது. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு 15 மி.மீ.யாவது வேண்டும். விவரக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். ஆனாலும் கடைக்குப் போய், ரப்பர் கண்குவளையைக் கீழே திருகி இறக்கிவிட்டு, உங்கள் கண்ணாடியோடே பாருங்கள். வட்டத்தின் விளிம்பு முழுசாகத் தெரிய வேண்டும். கருநிழல் வந்து வந்து மறைத்தால், என்ன விலையானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×30 உங்கள் தொகையை ஒட்டி வரும். எடை அரைக் கிலோவுக்குள்தான். 8×25 இன்னும் இலேசு. தோள்வலி இருந்தால் அதை எடுங்கள், வெளிச்சத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரும்.

எதை எடுத்தாலும் நீர்புகாததாக, உள்ளே ஈரம் படியாதபடி நைட்ரஜன் நிரப்பியதாக இருக்கட்டும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்ததும் வெளிக்கண்ணாடியில் படியும் பனி பத்து நிமிடத்தில் போய்விடும். உள்ளே படிந்தால் பூஞ்சை பிடிக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. கூடவே வரும் உறையில் மாதக்கணக்கில் மூடி வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள்.